ஹார்ட் டிஸ்க்குகளின் சாவுக் கணக்கு: பேக்பிளேஸுக்கு லிங்க் வந்த விதம்

“எங்க தொழில்ல எழுதறதுக்கு என்னங்க இருக்குது?” வால்வு செய்கிறவர், கேஸ்கெட் விற்கிறவர், அட்டைப்பெட்டி அடிக்கிறவர் என்று யாரிடம் எஸ்.இ.ஓ. வேலை (கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவருகிற வேலை) பேசப் போனாலும் டீ வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். சமையல் தளத்துக்கும் பயணத் தளத்துக்கும் லிங்க் கொடுக்க ஊரே இருக்கிறது. கேஸ்கெட்டுக்கு யார் கொடுப்பார்கள்? வாங்கியவர் மாட்டிவிட்டு மறந்துபோவார். ஒழுகினால்தான் ஞாபகம் வரும்.

அப்போது நான் சொல்கிற கதை பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தினுடையது. 2007இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதை இணையம் வழியாக நகலெடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் மாதம் 5 டாலர், எவ்வளவு வேண்டுமானாலும் பேக்கப் எடுக்கலாம். அவ்வளவுதான் வியாபாரம். பேக்கப் பற்றி யாரும் வீட்டில் பேசுவதில்லை, நண்பருக்கு அனுப்புவதில்லை. சலிப்பில் கேஸ்கெட்டுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஆனால் ஹார்ட் டிஸ்க் பற்றி இணையத்தில் எங்கே பேச்சு வந்தாலும், நாலாவது வரிக்குள் இந்த நிறுவனத்தின் பெயர் வரும், பெரும்பாலும் லிங்க்கோடு. தொழில்நுட்பச் செய்தித் தளங்கள், பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரைகள், ஒரு நீதிமன்ற மனு வரை. இந்த லிங்க்குகள் எங்கிருந்து, எதற்காக வந்தன என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் குறுக்கு வழி

லிங்க் எதற்கு என்பது தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு பக்கத்துக்கு வேறு தளங்கள் கொடுக்கும் லிங்க்கை ஓட்டு மாதிரி எண்ணலாம், ஓட்டுப் போடுகிறவரின் மதிப்பையும் சேர்த்து எண்ணலாம் என்பதுதான் கூகுள் 1998இல் தொடங்கியபோது அதன் அடிப்படை யோசனை. ஓட்டு என்று வந்துவிட்டால் ஓட்டுக்குக் காசும் வரும். “உயர்ந்த தரமுள்ள தளத்தில் கெஸ்ட் போஸ்ட், இவ்வளவு டாலர்” என்று, அதாவது காசு கொடுத்தால் அடுத்தவர் தளத்தில் நம் லிங்க்கோடு ஒரு கட்டுரை போடலாம் என்று, எனக்கே வாரம் தவறாமல் மெயில் வருகிறது. சலிப்பான தொழிலில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். இயல்பாக லிங்க் வராது என்று அவர்களே முடிவு கட்டிவிட்டதால்.

இதன் உச்சம் 2011இல் நடந்தது. அமெரிக்காவின் பெரிய கடைத்தொடரான ஜே.சி. பென்னி, உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தது. நியூயார்க் டைம்ஸ் தோண்டிப் பார்த்தபோது, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கு லிங்க் நட்டு வைத்திருந்தது தெரிந்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது கடை. கூகுள் கையாலேயே தரவரிசையை இறக்கியது. சாம்சோனைட் பெட்டிக்கான தேடலில் ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்கு முதலிடம். இரண்டு மணி நேரம் கழித்து 71ஆவது இடம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றம் இதே வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அதன் பிறகு வாங்கிய லிங்க்கைக் கழற்றித் தரவும் தனிக் கட்டணம் வாங்குகிற ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

சிவப்புப் பெட்டி

பேக்பிளேஸின் கதை லிங்க் ஆசையில் தொடங்கவில்லை. மாதம் 5 டாலருக்கு அளவில்லாத பேக்கப் கொடுக்க வேண்டுமென்றால் சேமிப்பு மலிவாக இருந்தாக வேண்டும். கடையில் கிடைத்த பெரிய சர்வர்கள் எதுவும் கட்டுப்படியாகவில்லை. அதனால் தாங்களே ஒரு பெட்டி வடிவமைத்தார்கள். சாதாரண 1.5 டெராபைட் டிஸ்க் 45-ஐ நெருக்கமாகச் செங்குத்தாக நிறுத்தி, சிவப்பு வண்ணம் அடித்த இரும்புப் பெட்டி. 67 டெராபைட், 7,867 டாலர்.

2009 செப்டம்பர் 1ஆம் தேதி அந்த வடிவத்தை அப்படியே வெளியிட்டார்கள். வரைபடம், உதிரிபாகப் பட்டியல், ஒவ்வொன்றின் விலை எல்லாம். கூடவே ஒரு பட்டை வரைபடம்: ஒரு பெட்டாபைட் (ஆயிரம் டெராபைட்) சேமிக்க எங்களுக்கு ஆவது 1,17,000 டாலர், அமேசானின் இணையச் சேமிப்பில் மூன்று வருடத்துக்கு வைத்தால் 28 லட்சம் டாலருக்கு மேல், சேமிப்புக் கருவி விற்கிற டெல், சன், நெட்ஆப், இஎம்சி இவற்றில் இவ்வளவு இவ்வளவு என்று பெயர் சொல்லி.

எந்த ஆலோசகரும் இதை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். நானும் சொல்லியிருப்பேன். தொழில் ரகசியத்தை யாராவது தெருவில் வைப்பார்களா? ஆனால் பெட்டியின் வடிவம் அவர்கள் விற்கிற பொருள் அல்ல. பேக்கப் வாங்குகிற வாடிக்கையாளருக்கு அந்தப் பெட்டி கண்ணில்கூடப் படாது. அந்தப் பெட்டியைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் சர்வர் கட்டுகிறவர்கள், நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற சிஸ்டம் அட்மின்கள், ஆய்வகத்தில் இடம் போதாமல் தவித்தவர்கள். அவர்கள்தான் லிங்க் கொடுத்தார்கள். பெட்டிக்குத் தகடு வெட்டிக் கொடுத்த கனடா நிறுவனம், பிறகு 45 டிரைவ்ஸ் என்ற பெயரில் அதே மாதிரி சர்வர் விற்கும் தனித் தொழிலே தொடங்கிவிட்டது.

வாங்குகிறவர் வேறு, லிங்க் கொடுக்கிறவர் வேறு. இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். சலிப்பான தொழிலில் இருப்பவர்கள் வாடிக்கையாளருக்குப் பிடித்த மாதிரி எழுத முயன்று முயன்று களைத்துப் போகிறார்கள். அவர்களுடைய வாடிக்கையாளரிடம் தளமே இருக்காது. லிங்க் கொடுக்கத் தளம் வைத்திருப்பவர் யார், அவர் எதைத் தேடித் திண்டாடுகிறார் என்று கேட்பதே இல்லை.

அடுத்த கட்டம் தற்செயல். 2011இன் கடைசியில் தாய்லாந்தில் பெருவெள்ளம். உலகின் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் ஒரு பெரிய பங்கு அப்போது அங்கேதான். சில வாரங்களில் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்காக ஏறியது. ஆனால் யு.எஸ்.பி.யில் மாட்டுகிற எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. உள்ளே இருப்பது அதே டிஸ்க்தான். ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நண்பர்களும் காஸ்ட்கோ, பெஸ்ட் பை கடைகளுக்குப் போய், ஆளுக்கு இரண்டுதான் என்ற கட்டுப்பாட்டுக்குள் வாங்கி வாங்கிச் சேர்த்தார்கள். பிளாஸ்டிக் கூட்டை உடைத்து உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்துச் சர்வரில் செருகினார்கள். இப்படியே 5.5 பெட்டாபைட். சில கடைகள் இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லும் வரை போனது. 2012 அக்டோபரில் இதை நடந்தபடி எழுதினார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரியான கதை, யார்தான் படிக்க மாட்டார்கள்?

ஆனால் பெட்டியும் வெள்ளக் கதையும் ஒரு முறை வெடிக்கிற பட்டாசு. நாலு நாள் சத்தம், அப்புறம் புகை. நிலைத்து நின்றது அடுத்து வந்ததுதான்.

பேரேடு

டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான டிஸ்க் ஓடும்போது தினமும் ஒன்றிரண்டு செத்துக்கொண்டேதான் இருக்கும். எது, எப்போது என்று குறித்து வைக்காமல் அந்தத் தொழில் நடத்த முடியாது. 2013 ஏப்ரல் முதல் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நாளொன்றுக்கு ஒரு வரி என்று இயந்திரமே பதிந்துகொண்டு வந்தது. அந்த வருடம் நவம்பரில், ஒரு ஹார்ட் டிஸ்க் எத்தனை நாள் உழைக்கும் என்ற கேள்விக்குச் சுமார் 25,000 டிஸ்க்கை வைத்துப் பதில் எழுதினார்கள். முதல் ஒன்றரை வருடத்தில் ஆண்டுக்கு 5.1% பழுது, அடுத்த ஒன்றரை வருடம் 1.4%, அதற்குப் பிறகு 11.8%.

இரண்டு மாதம் கழித்து, 2014 ஜனவரியில், விஷயத்துக்கு வந்தார்கள். எந்த டிஸ்க்கை வாங்கலாம்? கம்பெனி பெயர், மாடல் எண், எத்தனை டிஸ்க், சராசரி வயது, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் பழுது. 3 டெராபைட் சீகேட் மாடல் ஒன்று 9.8%. அதே அளவில் ஹிட்டாச்சி மாடல் ஒன்று 0.9%.

இது ஏன் தீயாகப் பரவியது என்று புரிய, ஏழு வருடம் பின்னால் போக வேண்டும். 2007இல் கூகுளே இதே விஷயத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க், அருமையான அலசல். ஆனால் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லவில்லை. அது வெளியிடத் தகாத விவரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆராய்ச்சியாளருக்கு அது போதும். கடையில் நின்று இரண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எல்லாரிடமும் இருந்த கணக்குதான். அதைப் பெயரோடு சொன்னது இவர்கள்.

2015 பிப்ரவரியில் மூலத் தரவையே பதிவிறக்கிக்கொள்ளக் கொடுத்துவிட்டார்கள். எக்ஸெலில் திறக்கக்கூடிய எளிய பட்டியலான சி.எஸ்.வி. கோப்பு, நாளுக்கு ஒன்று. திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் தேதி, சீரியல் எண், மாடல், கொள்ளளவு, அதற்கடுத்து பழுதா இல்லையா என்பதற்கு 0 அல்லது 1. பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே சொல்லும் ஸ்மார்ட் எண்கள் வரிசையாக. ஒரு டிஸ்க் ஓடும் வரை 0, 0, 0 என்று போகும். செத்த நாளில் 1. அடுத்த நாள் கோப்பில் அந்தச் சீரியல் எண்ணைத் தேடினால் இருக்காது.

கணக்கு போடும் முறையும் கூடவே வெளியானது. மொத்தம் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்பதால் வகுப்பதில்லை, எத்தனை நாள் ஓடின என்பதால் வகுக்கிறார்கள். உதாரணத்துக்கு 1,200 டிஸ்க் 90 நாள் ஓடியது, 4 செத்தது என்று வையுங்கள். 1,08,000 டிஸ்க்-நாள். அதை 365-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 296 டிஸ்க்-ஆண்டு. 4-ஐ 296-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஆண்டுக்கு 1.35%. நேற்று மாட்டிய டிஸ்க்கையும் மூன்று வருடம் ஓடிய டிஸ்க்கையும் ஒரே தட்டில் வைத்து எண்ணும் தப்பு இதில் வராது. பிளஸ் டூ பையனுக்குப் புரிகிற கணக்கு. புரிந்ததால்தான் ஆளாளுக்குப் போட்டுப் பார்த்தார்கள், போட்டுப் பார்த்ததை எழுதினார்கள், எழுதியபோது லிங்க் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தத் தரவுப் பக்கத்தில் இருக்கும் மூன்று நிபந்தனைகள். ஒன்று, பேக்பிளேஸ்தான் மூலம் என்று குறிப்பிட வேண்டும். இரண்டு, எப்படிப் பயன்படுத்துகிறீர்களோ அதற்கு நீங்களே பொறுப்பு. மூன்று, யாருக்கும் விற்கக் கூடாது, இது இலவசம். முதல் நிபந்தனையைப் பாருங்கள். லிங்க் கேட்டு ஆயிரம் பேருக்கு மெயில் அனுப்பும் வேலையை அந்த ஒரு வரி செய்துவிட்டது. கேட்பது மாதிரியே தெரியவில்லை. கல்லூரி மாணவர் இயந்திரக் கற்றலுக்கு இந்தத் தரவை எடுத்து, எந்த டிஸ்க் அடுத்து சாகும் என்று கணிக்கும் கட்டுரை எழுதுவார். மேற்கோள் பட்டியலில் பேக்பிளேஸ் வந்தே தீரும்.

திட்டினவர்களும் லிங்க் கொடுத்தார்கள். 2014 கட்டுரைக்கு எதிர்ப்பு பலமாகவே இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க்கை 24 மணி நேரமும் அதிர்கிற பெட்டிக்குள் நெருக்கி அடைத்தால் சாகாமல் என்ன செய்யும், கூட்டை உடைத்து எடுத்த டிஸ்க்கும் இதில் கலந்திருக்கிறதே என்றெல்லாம் கேட்டார்கள். கேள்விகளில் நியாயம் உண்டு. வீட்டில் ஒரு டிஸ்க் வைத்திருப்பவர் இந்த எண்ணை அப்படியே தனக்குப் பொருத்திக்கொள்ள முடியாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் மறுத்து எழுதுகிறவரும் எதை மறுக்கிறோம் என்று காட்ட அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? சண்டையில் இரண்டு தரப்பும் எடுத்துக் காட்டுகிற தாளாக அது ஆகிவிட்டது. 2016இல் அந்த 3 டெராபைட் டிஸ்க்குக்காக சீகேட் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்கள் மனுவிலும் இந்தக் கணக்கைக் காட்டினார்கள். அந்த ஒரு மாடலுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரையே உண்டு. விக்கிப்பீடியா லிங்க் 2007 முதல் நோஃபாலோ (ஓட்டாக எண்ண வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு), ரேங்க்குக்கு உதவாது என்று சிலர் ஒதுக்குவார்கள். அதைப் படித்துவிட்டு எழுதுகிற பத்திரிகையாளர் தன் தளத்தில் கொடுக்கிற லிங்க் நோஃபாலோ இல்லையே!

விடாமல் செய்தது

பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். காலாண்டுக்கு ஒரு முறை, வருடத்துக்கு நான்கு அறிக்கை, பத்து வருடத்துக்கு மேலாக. 2023 முடிவில் அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தது 2,70,000-க்கும் அதிகமான டிஸ்க். அந்த வருடத்து மொத்தப் பழுது விகிதம் 1.40%. அதற்கு முந்தைய வருடம் 1.37%. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் செய்தி என்று ஒன்றும் கிடையாது. சலிப்பான எண்தான். ஆனால் அறிக்கை வரும் என்று தெரிந்து காத்திருக்கிற நிருபர்கள் இருக்கிறார்கள். வந்த அன்றே எழுதிவிடுவார்கள். லிங்க் கேட்டு அவர்களுக்கு யாரும் மெயில் போட வேண்டியதில்லை. ஒரு காலாண்டு விட்டிருந்தால் அந்தப் பழக்கம் அறுந்திருக்கும்.

சரி, இதனால் வியாபாரம் வந்ததா? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆரம்பத்தில் அவர்கள் விற்றது வீட்டுக் கம்ப்யூட்டருக்கான பேக்கப். டிஸ்க் கணக்கைப் படித்தவர்களோ கணினித் துறைக்காரர்கள். கடை ஒரு தெருவில், கூட்டம் இன்னொரு தெருவில். 2015 செப்டம்பரில் பி2 என்ற மேகச் சேமிப்புச் சேவையை அறிவித்தார்கள், அமேசான் சேமிப்புக்கு மலிவான மாற்று. அதை வாங்குகிறவர் யார்? ஆறு வருடமாக அந்தப் பெட்டியையும் கணக்கையும் படித்துக்கொண்டிருந்த அதே சிஸ்டம் அட்மின். திட்டம் போட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்பேன். தாங்கள் பெட்டி கட்டும் விதத்தை ரசிக்கிற கூட்டம் ஒன்று வாசலில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு, அவர்களுக்கும் ஒரு பொருள் வைக்கத் தோன்றுவது இயல்பு.

2021 நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பங்கு வெளியிட்டார்கள். அடுத்த இரண்டு வருடமும் நஷ்டக் கணக்குதான் காட்டினார்கள். லிங்க் குவிந்தால் லாபமும் குவியும் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லிங்க் ஆளைக் கடை வாசல் வரை கூட்டி வரும், கல்லாப் பெட்டியை அது பார்க்காது.

வேலையாகச் செய்கிறவர்களுக்கு ஒரு சின்ன நுணுக்கம். இந்த மாதிரி லிங்க் வந்து விழுவது டிஸ்க் அறிக்கைப் பக்கங்களில். விலைப் பக்கத்துக்கு லிங்க் கொடுக்க யாருக்கும் எளிதில் தோன்றாது. அறிக்கையிலிருந்து விற்பனைப் பக்கத்துக்கு உள் லிங்க் வைத்து அந்த வலுவைக் கொண்டுபோக வேண்டியது வீட்டுக்காரர் வேலை. நம் ஊரில் நல்ல கட்டுரை எழுதி லிங்க்கும் வாங்கிய தளங்களில் இந்தக் கடைசி வாய்க்கால் வெட்டாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டு

கோவையில் போர்வெல் மோட்டார் செய்கிற ஒரு சிறிய நிறுவனத்துக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார். “அவங்க அடுத்தவன் சரக்கு செத்த கணக்கை எழுதியிருக்காங்க தம்பி. எங்க மோட்டார் எரிஞ்ச கணக்கை நாங்களே எழுதறதுங்களா?” என்றார்.

சரியான அடி. பேக்பிளேஸ் டிஸ்க் தயாரிப்பவர் அல்ல, வாங்கி ஓட்டுபவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால்தான் அத்தனை தைரியம். சீகேட் தன் கணக்கைத் தானே அப்படி வெளியிடாது. நம்மிடம் வருகிறவர்களில் ரிப்பேர் பட்டறைக்காரர், பல கம்பெனிச் சரக்கை விற்கிற டீலர், வாடகைக்கு இயந்திரம் விடுகிறவர் இவர்களுக்குத்தான் இந்த முறை அப்படியே பொருந்தும். தயாரிப்பவர் வேறு பக்கமாக வர வேண்டும்.

அவரிடம் சர்வீஸ் நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, நீளவாக்கில் நாலைந்து, முனை மடங்கியவை. தேதி, ஊர், எத்தனை ஹெச்.பி., போர் எத்தனை அடி. கடைசிக் கட்டத்தில் மெக்கானிக்கின் கையெழுத்தில் “காயில் போச்சு”, “புஷ் தேய்மானம், மணல்”, “லோ வோல்டேஜ்”. மோட்டாரைக் குறை சொல்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. எந்த ஊர்ப் பக்கம் மணல் வருகிறது, எந்த ஆழத்துக்கு மேல் காயில் அடிக்கடி எரிகிறது, வோல்டேஜ் எத்தனைக்குக் கீழே போனபோது மோட்டார் மேலே வந்தது என்பதுதான் இருந்தது. போர் போடுகிற விவசாயிக்குத் தளம் கிடையாது. அவருக்காக எழுதுகிற வேளாண் பத்திரிகைக்கும், நிலத்தடி நீர் பற்றி ஆராய்கிற கல்லூரி மாணவருக்கும், ஊர்ச் செய்தி போடுகிற தளத்துக்கும் உண்டு. அவர்களில் ஒருவரிடமும் இந்தக் கணக்கு இல்லை.

அவர் மகள் இரண்டு நோட்டை எக்ஸெலில் ஏற்றி அனுப்பினார். திறந்து பார்த்தால் வோல்டேஜ் கட்டம் பாதிக்கு மேல் காலி. பேக்பிளேஸில் இயந்திரம் எழுதிக்கொண்டது, இங்கே வெயிலில் மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த ஆள் எழுத வேண்டும். முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த வாரமே சர்வீஸ் பில்லில் வோல்டேஜுக்குத் தனிக் கட்டம் அச்சடித்துவிட்டார். கட்டம் நிரப்பாத பில்லுக்கு பேட்டா கிடையாது என்று மெக்கானிக்குகளிடம் சொல்லியிருக்கிறாராம்.